மரபணுப் பொறியியலும் மாணவர் கைகளும்



இன்றைய உரை இடைநிலைப் பள்ளியில் உயிரியல் பயிலும் மாணவர்களுக்கென அமைந்தது. பெற்றோரும் உடன் அமர்ந்து கேட்கலாம். ஐந்தாம் படிவ உயிரியலில் மரபணுத் தொழில்நுட்பம் என்று ஓர் இயல் உண்டு. பள்ளியில் மலாய் மொழியில் 'கெஜுருதெராஅன் ஜெனெதிக்' என்று படிப்பதைத்தான் தமிழில் மரபணுப் பொறியியல் என்கிறோம். "ஓர் உயிரின் மரபணுவை எடுத்து வேறோர் உயிரினுள் புகுத்துதல்" என்று மாணவர்கள் மனப்பாடமாக எழுதிவிடுகிறார்கள். மதிப்பெண்ணும் கிடைத்துவிடுகிறது. ஆனால், "அந்த மரபணு உள்ளே போய்விட்டது என்று உனக்கு எப்படித் தெரியும், தம்பி?" என்று ஒருவர் கேட்டால் பலருக்கு வாய் அடைத்துப் போகும்.

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பது நம் பழமொழி. மரபணுப் பொறியியலை மாணவர்கள் தங்கள் கையாலேயே செய்து பார்க்க வழி உண்டு. உலகில் பல நாட்டுப் பள்ளிகளில் பல ஆண்டுகளாகச் செய்யப்பட்டு வரும் ஒரு சோதனையை இன்று விளக்கமாகக் காண்போம். மேலே கேட்ட கேள்விக்கு அந்தச் சோதனையே விடை சொல்லும்.

முதலில் ஓர் ஐயத்தை நீக்கிவிடுவோம். தோட்டப்புறத்தில் வளர்ந்தவர்களுக்கு ஒட்டுக்கன்று புதிதன்று. நாற்றின் பட்டையைக் கீறி, நல்ல பால் தரும் மரத்தின் மொட்டை அதில் வைத்துக் கட்டுவார்கள். ஆர்.ஆர்.ஐ.எம். 600 போன்ற ரப்பர் இனங்கள் அவ்வாறுதான் பெருக்கப்பட்டன. "மரபணுப் பொறியியலும் இதுபோன்ற ஒட்டுதானே?" என்று சிலர் கேட்பதுண்டு. அன்று. ஒட்டுக்கன்றில் மேலே வளர்வது ஒரு மரம். கீழே வேரூன்றி நிற்பது வேறு மரம். இரண்டும் ஒட்டி வாழ்கின்றன. ஒவ்வொன்றும் தன் மரபணுவைத் தன்னிடமே வைத்துக்கொள்கிறது. மரபணுப் பொறியியலிலோ, ஓர் உயிரணுவுக்குள்ளேயே புதிய கட்டளை ஒன்று போய்ச் சேர்கிறது. அந்த உயிரணு இரண்டாகப் பிரியும்போது புதிய கட்டளையும் படியெடுக்கப்பட்டு இரண்டுக்கும் போகிறது.

அந்தக் கட்டளை எதில் எழுதப்பட்டிருக்கிறது? டி.என்.ஏ. என்னும் நீண்ட இழையில். ஏ, டி, ஜி, சி என்று நான்கே எழுத்துகள் அதில் உண்டு. மூன்று எழுத்துகள் சேர்ந்து ஒரு சொல். ஒவ்வொரு சொல்லும் ஓர் அமினோ அமிலத்தைக் குறிக்கும். அமினோ அமிலங்கள் வரிசையாகக் கோக்கப்பட்டால் அது புரதம். ஒரு புரதத்தைச் செய்வதற்கான குறிப்பு அடங்கிய இழைப்பகுதியை மரபணு என்று கொள்ளலாம். வியப்பு என்னவென்றால், இந்த எழுத்துமுறை ஏறக்குறைய எல்லா உயிர்களுக்கும் ஒன்றே. வாழைக்கும், மனிதனுக்கும், கண்ணுக்குத் தெரியாத பாக்டீரியாவுக்கும் ஒரே நெடுங்கணக்கு. ஆகவே ஓர் உயிரின் குறிப்பை இன்னோர் உயிர் படித்து, அதன்படி புரதம் செய்ய முடிகிறது.

இந்த உண்மை விளங்குவதற்கு வழி திறந்தவர் பிரெடரிக் கிரிஃபித் என்னும் ஆங்கிலேய மருத்துவர். 1928 ஆம் ஆண்டில் அவர் நிமோனியாக் காய்ச்சலை உண்டாக்கும் பாக்டீரியாவை ஆராய்ந்தார். அதில் இரு வகை: ஒன்று கொல்லும், மற்றொன்று தீங்கு செய்யாது. கொல்லும் வகையைச் செலுத்திய எலிகள் மாண்டன. தீங்கற்ற வகையைச் செலுத்திய எலிகள் பிழைத்தன. கொல்லும் வகையைச் சூட்டினால் சாகடித்துச் செலுத்தியபோதும் எலிகள் பிழைத்தன. செத்த கொல்லிகளையும் உயிருள்ள தீங்கற்றவற்றையும் கலந்து செலுத்தியபோதோ, எலிகள் மாண்டன! செத்தவற்றிடமிருந்து ஏதோ ஒன்று உயிருள்ளவற்றுக்குள் போயிருக்கிறது என்பது தெளிவாயிற்று. அந்த ஏதோ ஒன்று டி.என்.ஏ.தான் என்று 1944 இல் ஆஸ்வால்ட் ஏவரியும் அவருடைய தோழர்கள் இருவரும் காட்டினார்கள். கிரிஃபித் நான்கு கூட்டமாக எலிகளைப் பிரித்தார் என்பதை மாணவர்கள் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும். கடைசிக் கூட்டம் மட்டும் இருந்திருந்தால் அவர் எதையும் நிலைநாட்டியிருக்க முடியாது.

டி.என்.ஏ.யைக் கண்ணால் காண ஆசையா? அதை வீட்டிலேயே செய்யலாம். அரை வாழைப்பழத்தைப் பிசைந்து கொள்ளுங்கள். ஒரு குவளை நீரில் ஒரு தேக்கரண்டி உப்பும், பாத்திரம் கழுவும் சவர்க்காரத் திரவம் இரண்டு தேக்கரண்டியும் நுரை எழாமல் கலந்து, அதில் கொஞ்சத்தைப் பழத்தோடு சேர்த்து மெல்லக் கிண்டுங்கள். பத்து நிமிடம் கழித்து மெல்லிய துணியிலோ காப்பி வடிகட்டியிலோ வடியுங்கள். வடிந்த நீரை ஒரு கண்ணாடிக் குவளையில் எடுத்து, ஐஸ் பெட்டியில் வைத்துக் குளிரூட்டிய சாராயத்தை, அதாவது 90 விழுக்காட்டுக்கு மேற்பட்ட ஆல்கஹாலை, குவளையின் ஓரமாக மெதுவாக வழியவிடுங்கள். இரண்டு நீர்மங்களும் சேரும் இடத்தில் வெண்ணிற நூல்போல் ஒன்று திரண்டு எழும். ரப்பர்ப் பாலில் அமிலம் விட்டதும் பால் திரள்வதைக் கண்டவர்களுக்கு இக்காட்சி பழகியதுபோல் தோன்றும். சவர்க்காரம் உயிரணுவின் கொழுப்புறையைக் கரைக்கிறது. உப்பும் குளிர்ந்த ஆல்கஹாலும் டி.என்.ஏ.யை நீரிலிருந்து பிரித்துத் திரளச் செய்கின்றன. அந்த நூலில் டி.என்.ஏ.யோடு வேறு பொருள்களும் சிறிது கலந்திருக்கும். ஆல்கஹால் தீப்பிடிக்கும் பொருள். அடுப்பு எரியும் இடத்தில் வேண்டாம். பெரியவர் ஒருவர் அருகில் இருக்கட்டும்.

இனி, முதன்மையான சோதனைக்கு வருவோம். இது பள்ளி ஆய்வுக்கூடத்தில், பயிற்சி பெற்ற ஆசிரியரின் மேற்பார்வையில் மட்டுமே செய்யத்தக்கது.

இதற்கு வேண்டிய மரபணு கடலிலிருந்து வந்தது. வட அமெரிக்காவின் மேற்குக் கரையோரக் கடலில் ஏக்குவோரியா விக்டோரியா என்னும் ஜெல்லி மீன் உண்டு. ஒசாமு ஷிமோமுரா என்னும் ஜப்பானிய அறிஞர் வாஷிங்டன் மாநிலத்துக் கடற்கரையில் அம்மீன்களை ஆயிரக்கணக்கில் பிடித்து ஆராய்ந்தார். அவற்றில் பச்சையாக ஒளிரும் புரதம் ஒன்று இருப்பதை 1962 இல் அவரும் அவருடன் உழைத்தவர்களும் தெரிவித்தார்கள். 238 அமினோ அமிலங்கள் கொண்ட அந்தப் புரதத்தின் மரபணுவை 1992 இல் டக்லஸ் பிராஷர் பிரித்தெடுத்தார். 1994 இல் மார்ட்டின் சால்ஃபியின் குழுவினர் அதனைப் பாக்டீரியாவிலும் சிறு புழுவிலும் புகுத்தி ஒளிரச் செய்தார்கள். ரோஜர் சியென் வேறு பல வண்ணங்களில் ஒளிரும் வகைகளை உருவாக்கினார். ஷிமோமுரா, சால்ஃபி, சியென் மூவரும் 2008 இல் வேதியியலுக்கான நோபல் பரிசைப் பெற்றார்கள்.

இந்த மரபணுவைப் பாக்டீரியாவுக்குள் எடுத்துச் செல்ல ஒரு வண்டி வேண்டும். அதன் பெயர் பிளாஸ்மிட். வளையல்போல் வட்டமான சிறிய டி.என்.ஏ. அது. பயோ-ராட் என்னும் நிறுவனம் பள்ளிகளுக்கென விற்கும் பயிற்சிப் பெட்டியில் பி-குளோ என்னும் பிளாஸ்மிட் இருக்கிறது. அதன் நீளம் 5,371 எழுத்துகள். அதைப் பெறப்போகும் ஈ. கோலை பாக்டீரியாவின் சொந்த டி.என்.ஏ.யோ சுமார் 46 இலட்சம் எழுத்துகள். பெரிய நூலகத்துக்குள் ஒரு துண்டறிக்கை நுழைவது போன்றது இது.

அந்தத் துண்டறிக்கையில் மூன்று மரபணுக்கள் உண்டு. முதலாவது, நாம் சொன்ன பச்சை ஒளிர் புரதத்தின் மரபணு. இரண்டாவது, ஆம்பிசிலின் என்னும் நுண்ணுயிர்க்கொல்லி மருந்தைச் சிதைக்கும் நொதியின் மரபணு. மூன்றாவது, விளக்குச் சுவிட்சுபோல் வேலை செய்யும் ஒரு புரதத்தின் மரபணு. அரபினோஸ் என்னும் ஒருவகைச் சர்க்கரை இருந்தால்தான் இந்தச் சுவிட்சு திறந்து, ஒளிரும் மரபணு வேலை செய்யும்.

செய்முறையைக் காண்போம். இரண்டு சிறு குப்பிகளை எடுத்து, ஒன்றின்மேல் 'உண்டு' என்றும் மற்றதன்மேல் 'இல்லை' என்றும் எழுத வேண்டும். இரண்டிலும் கால்சியம் குளோரைடு கரைசல் கால் மில்லிலிட்டர் விட்டு, ஐஸில் வைத்து, ஒவ்வொன்றிலும் ஒரு புள்ளி அளவு பாக்டீரியாவைக் கரைக்க வேண்டும். 'உண்டு' குப்பியில் மட்டும் பிளாஸ்மிட் சேர்க்க வேண்டும். இரண்டு குப்பிகளும் பத்து நிமிடம் ஐஸில் இருக்கட்டும். பிறகு, 42 பாகை செல்சியஸ் வெந்நீரில் சரியாக 50 விநாடி. உடனே மீண்டும் ஐஸில் இரண்டு நிமிடம். இதனை வெப்ப அதிர்ச்சி என்பார்கள். டி.என்.ஏ.யும் பாக்டீரியாவின் மேலுறையும் எதிர்மின்னூட்டம் உடையவை, ஒன்றையொன்று விலக்கும். கால்சியம் நடுவே நின்று அந்த விலக்கத்தைத் தணிக்கிறது. திடீர் வெப்பம் பட்டதும் பிளாஸ்மிட் உள்ளே நுழைய இடம் உண்டாகிறது என்று கருதுகிறார்கள். அப்படியும் அதனைப் பெற்றுக்கொள்பவை மிகச் சில பாக்டீரியாக்களே.

அதன்பின் குப்பிகளில் ஊட்ட நீர்மம் விட்டுப் பத்து நிமிடம் விட வேண்டும். வந்த மரபணுவைப் படித்து, மருந்தைச் சிதைக்கும் நொதியைச் செய்துகொள்ள அவற்றுக்கு அவகாசம் வேண்டுமல்லவா? பிறகு நான்கு தட்டுகளில் பரப்பி, தட்டுகளைக் கவிழ்த்து, 37 பாகை வெப்பத்தில் ஒரு நாள் வைக்க வேண்டும். தட்டில் இருப்பது வேறொன்றுமில்லை. நாம் பெருநாள்களில் காய்ச்சும் அகார் அகார்தான். பாக்டீரியாவுக்கு வேண்டிய உணவு அதில் கலந்திருக்கும்.

நேயர்களே, இந்தச் சோதனையின் உயிர்நாடி இந்த நான்கு தட்டுகளில்தான் இருக்கிறது.

முதல் தட்டில் 'இல்லை' குப்பியின் பாக்டீரியா. வெறும் உணவு, மருந்து இல்லை. தட்டு முழுவதும் புல்தரைபோல் வளர்ந்திருக்கும். இரண்டாம் தட்டில் அதே 'இல்லை' பாக்டீரியா, உணவோடு ஆம்பிசிலின். ஒன்றும் வளராது. மூன்றாம் தட்டில் 'உண்டு' குப்பியின் பாக்டீரியா, உணவும் ஆம்பிசிலினும். ஆங்காங்கே வெண்புள்ளிகளாகக் குடியிருப்புகள் முளைத்திருக்கும், ஒளிராது. நான்காம் தட்டில் 'உண்டு' பாக்டீரியா. உணவு, ஆம்பிசிலின், அவற்றோடு அரபினோஸ். இதன்மேல் புறஊதா விளக்கைப் பிடித்தால் புள்ளிகள் பச்சைப் பசேலென்று ஒளிரும்!

மாணவர்கள் எல்லாரும் நான்காம் தட்டைச் சுற்றிக் கூடுவார்கள். அது இயல்பே. ஆனால் நல்ல ஆசிரியர் அவர்களை இரண்டாம் தட்டுக்கு அழைத்துச் செல்ல வேண்டும். ஒன்றுமே வளராத அந்தத் தட்டுதான் இச்சோதனையின் தலையாய சாட்சி. எப்படி?

இரண்டாம் தட்டிலும் பாக்டீரியா வளர்ந்திருந்தால் என்ன பொருள்? மருந்து வேலை செய்யவில்லை என்று பொருள். அகார் மிகச் சூடாக இருக்கும்போது ஆம்பிசிலினைக் கலந்தால் மருந்து கெட்டுவிடும். அப்படியானால் மூன்றாம் தட்டில் வளர்ந்தவை புதிய மரபணுவால்தான் பிழைத்தன என்று சொல்ல வழியில்லை. இனி, முதல் தட்டில் ஒன்றும் வளராதிருந்தால்? வெந்நீரே பாக்டீரியாவைக் கொன்றிருக்கலாம். அப்போது இரண்டாம் தட்டு வெறுமையாக இருப்பதற்கு மருந்துதான் காரணம் என்று கூற முடியாது. பாருங்கள், ஒவ்வொரு தட்டும் மற்றொன்றுக்குச் சாட்சி சொல்கிறது.

இன்னொரு தவறான எண்ணத்தையும் இந்த வெறுந்தட்டு நீக்கிவிடுகிறது. "மருந்தோடு பழகிப் பழகிப் பாக்டீரியா மருந்தை எதிர்க்கக் கற்றுக்கொண்டது" என்று பலர் எண்ணுகிறார்கள். மருந்தைச் சந்திப்பதே ஆற்றலைத் தருமானால், இரண்டாம் தட்டில் இருந்தவையும் மருந்தைச் சந்தித்தனவே; அவை ஏன் பிழைக்கவில்லை? ஆற்றல் தரும் மரபணு அவற்றிடம் இல்லை. மருந்து யாருக்கும் கற்றுக்கொடுப்பதில்லை. மரபணு இல்லாதவற்றை அழித்து, உள்ளவற்றை மிச்சம் வைக்கிறது. மருத்துவர் தந்த நுண்ணுயிர்க்கொல்லியை நினைத்தபோது விழுங்குவதும், பாதியில் நிறுத்துவதும், அடுத்த வீட்டுக்காரருக்குக் கொடுப்பதும் ஏன் ஆகாது என்பது இந்தத் தட்டைக் கண்டவர்களுக்கு விளங்கும்.

மூன்றாம் தட்டையும் நான்காம் தட்டையும் ஒப்பிட்டால் மற்றொரு பாடம் கிடைக்கும். இரண்டிலும் இருப்பவை ஒரே குப்பியிலிருந்து வந்தவை. ஒரே மரபணு உடையவை. ஒன்று ஒளிர்கிறது, மற்றொன்று ஒளிரவில்லை. வேறுபாடு அரபினோஸ் மட்டுமே. மரபணு இருப்பது வேறு, அது வேலை செய்வது வேறு. சூழ்நிலை சுவிட்சைத் திறக்கவும் மூடவும் செய்கிறது. "எல்லாம் பிறப்பிலேயே எழுதியாயிற்று" என்று மரபணுவின்மேல் பழியைப் போட்டுப் பேசுபவர்கள் இந்த இரண்டு தட்டுகளையும் அருகருகே வைத்துப் பார்க்க வேண்டும்.

இது வெறும் பள்ளி விளையாட்டா என்று பெற்றோர் கேட்கலாம். நம் குடும்பங்களில் இனிப்புநீர் நோய்க்கு இன்சுலின் ஊசி போட்டுக்கொள்பவர்கள் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். முன்பு அந்த மருந்து மாடு, பன்றி ஆகியவற்றின் கணையத்திலிருந்து எடுக்கப்பட்டது. பன்றியின் இன்சுலின் மனித இன்சுலினிலிருந்து ஓர் அமினோ அமிலத்தில் வேறுபடும். மாட்டினுடையது மூன்றில் வேறுபடும். 1978 இல் அமெரிக்க அறிஞர்கள் மனித இன்சுலினுக்கான மரபணுவைச் செயற்கையாக அமைத்து, ஈ. கோலை பாக்டீரியாவுக்குள் புகுத்தி, இன்சுலினைச் செய்ய வைத்தார்கள். 1982 இல் அம்மருந்து அமெரிக்காவில் அனுமதி பெற்றது. வண்டியாக ஒரு பிளாஸ்மிட், அதில் ஏற்றிய ஒரு மரபணு, அதனைப் பெற்ற பாக்டீரியாவைப் பிரித்தெடுக்க ஓர் அடையாளம்: மாணவர் கையில் இருக்கும் சிறு குப்பியில் நடப்பதும் அடிப்படையில் அதுவே.

நம் நாட்டிலும் ஒரு நிகழ்ச்சி உண்டு. 2010 டிசம்பரில் பகாங் மாநிலத்துப் பெந்தோங் அருகே, மக்கள் குடியிராத இடத்தில், மரபணு மாற்றப்பட்ட ஆண் ஏடிஸ் கொசுக்கள் சுமார் 6,000 சோதனைக்காக விடப்பட்டன. டிங்கிக் காய்ச்சலைப் பரப்பும் கொசுவைக் குறைப்பதற்கு வழி தேடிய முயற்சி அது. அக்கொசுக்களின் சந்ததி முழு வளர்ச்சி அடையாமல் மடியும்படி ஒரு மரபணு சேர்க்கப்பட்டிருந்தது. அவற்றை அடையாளம் காணச் சிவப்பாக ஒளிரும் புரதத்தின் மரபணுவும் உடன் இருந்தது. நாம் இன்று கண்ட அதே உத்தி! அப்போது ஆதரித்துப் பேசியவர்களும் உண்டு. எதிர்த்துப் பேசியவர்களும் உண்டு. இத்தகைய முடிவுகள் நம் வீட்டு வாசலுக்கே வரும். அப்போது, "எதனோடு ஒப்பிட்டுப் பார்த்தீர்கள்? கொசு விடாத இடத்தில் நிலைமை என்ன? சந்ததியில் ஒரு பகுதி பிழைத்தால் என்ன செய்வீர்கள்?" என்று கேட்கத் தெரிந்த குடிமக்கள் வேண்டும். கேட்காமலே அஞ்சுவதும் தவறு. கேட்காமலே நம்புவதும் தவறு.

அறிஞர்களும் இந்த எச்சரிக்கையை உணர்ந்தே இருந்தார்கள். இத்துறை தொடங்கிய புதிதில், 1975 பிப்ரவரியில், கலிபோர்னியாவின் அசிலோமார் என்னும் இடத்தில் அவர்களே கூடி, பாதுகாப்பு நெறிகளை வகுத்தார்கள். மலேசியாவில் 2007 ஆம் ஆண்டின் உயிரியல் பாதுகாப்புச் சட்டம் உண்டு. ஆகவே பள்ளியில் இச்சோதனையைச் செய்ய விரும்பும் ஆசிரியர்கள் முதலில் சட்டத்தின் நிபந்தனைகளை விசாரித்து, வேண்டிய ஒப்புதலைப் பெற்றுக்கொள்ள வேண்டும். பயிற்சிப் பெட்டியில் உள்ள ஈ. கோலை ஆய்வுக்கூடத்தில் வளர்க்கப்பட்ட, நோய் செய்யாத வகை. எனினும் கையுறையும் கண்காப்பும் அணிய வேண்டும். ஆய்வுக்கூடத்தில் எதையும் உண்ணக்கூடாது. புறஊதா ஒளியை நேராகப் பார்க்கக்கூடாது. வேலை முடிந்ததும் தட்டுகளையும் குப்பிகளையும் வெளுப்புநீரில் ஊறவைத்தோ அழுத்தக் கொதிகலனில் இட்டோ கிருமி நீக்காமல் குப்பையில் போடக்கூடாது. வீட்டுக்கு எடுத்துச் செல்லவே கூடாது.

பயிற்சிப் பெட்டி வாங்க வசதியில்லாத பள்ளிகள் மனம் தளர வேண்டியதில்லை. காகித நாடாவில் எழுத்துகளை எழுதி வளையமாக ஒட்டி, அதனை வெட்டி இன்னொரு துண்டைச் செருகிப் பிளாஸ்மிட் செய்து பார்க்கலாம். பிறகு, தாளில் நான்கு வட்டங்கள் வரைந்து, ஒவ்வொன்றிலும் என்ன வளரும், எது ஒளிரும் என்று மாணவர் முன்கூட்டியே எழுதட்டும்; ஏன் என்றும் எழுதட்டும். "இரண்டாம் தட்டில் வளர்ந்துவிட்டால்?" என்று ஆசிரியர் கேட்கட்டும். இதற்குச் செலவு ஒரு தாளும் ஒரு பென்சிலும். சோதனையை நேரில் செய்யும் வாய்ப்பு ஒருநாள் கிட்டும்போது, இந்தப் பிள்ளைகள் ஒளியை மட்டும் பார்த்துவிட்டு வீடு திரும்ப மாட்டார்கள்.

தோட்டப் பள்ளியில் சிறுவர்களுக்குப் பாடம் சொல்லும் ஆசிரியன் என்ற முறையில், பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். பிள்ளை உயிரியல் படிக்கிறான், படிக்கிறாள் என்றால், எத்தனை மதிப்பெண் என்று கேட்பதோடு நின்றுவிடாதீர்கள். "நீ சொல்வது உண்மை என்று உனக்கு எப்படித் தெரியும்?" என்றும் அன்போடு கேளுங்கள். விடை உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்பதில்லை. கேள்வி வீட்டில் ஒலித்தால் போதும். விடை தேடும் பழக்கம் பிள்ளைக்குத் தானாக வரும்.

மாணவச் செல்வங்களே, இன்று மாலை நான்கு வட்டங்கள் வரையுங்கள். இரண்டாம் வட்டத்தை வெறுமையாக விட்டு, அதன் கீழே காரணத்தை உங்கள் சொந்த வாக்கியத்தில் எழுதுங்கள். நாளை அதனை உங்கள் உயிரியல் ஆசிரியரிடம் காட்டுங்கள்.